108 வந்து சேரும் வரை

இலஞ்சி குமாரர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, கடைகளுக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஜிம். நான் போன மதியம் இரும்புச் சத்தமே இல்லை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ரப்பர் பொம்மை ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். தென்காசியிலிருந்து வந்திருந்த செவிலியர், பயிற்சியாளர்களுக்கு மார்பை அழுத்தி உயிர் மீட்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், முழங்கைய மடக்காதீங்க. இது தண்டால் இல்ல."

நூறு கிலோவைச் சாதாரணமாகத் தூக்கும் ஜிம் மாஸ்டருக்கு ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. கைத்தசையால் தள்ளினால் அப்படித்தான் ஆகும். கையை விறைப்பாக நீட்டி, தோள் நேராக உள்ளங்கைக்கு மேல் வரும்படி முட்டிபோட்டு, உடம்பின் பாரத்தை இறக்க வேண்டும். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறுக்கு மிஞ்சாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழும்ப விட வேண்டும்; அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். பலசாலிகள் தவறுவது இங்கேதான். அழுத்திய கையைத் தளர்த்த அவர்களுக்கு மனம் வருவதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பதையும் செவிலியர் விடாமல் சொன்னார். களைத்த கை ஆழமாக இறங்காது.

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சு அசௌகரியத்தோடு மருத்துவமனைக்குப் போய் 46 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு டெல்லியில் நகைச்சுவைக் கலைஞர் ராஜு ஸ்ரீவாஸ்தவா டிரெட்மில்லில் சரிந்து, ஒரு மாதத்துக்கு மேல் சிகிச்சையில் இருந்து காலமானார். "அப்ப பல பேரை வீட்ல ஜிம்முக்கு விடல அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். பயந்து உடற்பயிற்சியை விடுவது சரியான பாடம் அல்ல. விழுந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன தெரியும் என்பதுதான் என் கவலை.

நம் ஊரில் ஒருவர் விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்போம், சோடா வாங்க ஓடுவோம், வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். இதயம் நின்ற முதல் நிமிடத்தில் உடம்பு சிறிது வெட்டி இழுப்பதுண்டு. விட்டுவிட்டு, குறட்டை போல ஒரு இழுப்பும் வரும். அதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று சும்மா நிற்பவர்களால் போன உயிர்கள் ஏராளம். செவிலியர் அந்த இழுப்பைத் தானே செய்து காட்டினார். கூப்பிட்டால் பதிலில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் உடனே அழுத்தத் தொடங்கச் சொன்னார். பெஞ்சில் கிடந்தால், முதலில் பார்பெல்லை எடுத்துவிட்டு ஆளைக் கெட்டியான தரைக்கு இறக்க வேண்டும்.

மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. பெட்டி இங்கே இல்லை. விலை லட்சத்தை ஒட்டி வரும். ஆனால் அதன் மதிப்பு சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்கு இதைப் பழக்கியபோது, மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்ததாக 2000-இல் ஆய்வு வெளியானது. காப்பாற்றியவர்கள் மருத்துவர்கள் அல்ல, காவலாளிகள். அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், மார்பை அழுத்த ஆளில்லாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. தென்காசி அரசு மருத்துவமனை தூரமில்லைதான். ஆனால் ஜூன், ஜூலையில் சாரல் விழுந்து குற்றாலத்துக்கு வண்டிகள் சாரைசாரையாக வரும்போது, அந்தச் சாலையில் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் கையில் இருப்பதைச் சீர்படுத்தியிருக்கிறார்கள். மாடிப்படியின் அடியில் இப்போது பைக் நிறுத்தக் கூடாது. ஸ்ட்ரெச்சர் திரும்ப வேண்டும். 108-க்குச் சொல்ல வேண்டிய முகவரி, கோயில் அடையாளத்தோடு, கொட்டை எழுத்தில் சுவரில் இருக்கிறது. யார் அழுத்துவது, யார் போன் பேசுவது, யார் தெருமுனையில் நின்று வண்டியை மறித்துக் கூட்டிவருவது என்பதெல்லாம் ஷிப்டு வாரியாக முடிவாகியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சேர்க்கையின்போது மாஸ்டர் கேட்கும் கேள்விகள். கவுன்ட்டரில் நாலு பேர் முன்னால் சுகரையும் பிரஷரையும் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. தனியே கூட்டிப்போய், "மாத்திரை ஏதும் போடுதீங்களா? மயங்கி விழுந்திருக்கீங்களா? வீட்ல சின்ன வயசுல யாரும் திடீர்னு தவறிருக்காங்களா?" என்று கேட்கிறார். ஆம் என்றால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார். அந்தச் சேர்க்கைக் கட்டணம் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லையாம். நெஞ்சு கனக்கிறது என்று எவராவது சொன்னால் தானே பைக் ஓட்டிப் போக விடுவதில்லை. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பின் முதற்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தருகிறார்கள் என்பதையும் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

கிளம்பும்போது செவிலியரிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "சிஸ்டர், வர்ற ஞாயித்துக்கிழமை ஆட்டோ ஸ்டாண்டுக்காரங்களையும் கூட்டியாரேன். பொம்மையை இங்கயே விட்டுட்டுப் போறீங்களா?"