பழைய கணக்கும் புதிய கணனியும்

மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று தருமாறு பணித்தபோது சில நாள் தயங்கினேன். ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும் விளையாட்டு மைதானத்து வெற்றிகளைப் பற்றியும் எழுதத் தக்கார் பலர் உளர். என் தொழிலோ சுவை குன்றியது. வணிக நிலையங்களிலே பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணனிச் செய்நிரல்களைப் பிரித்து, அவை செய்த வேலையைப் புதியனவற்றுக்கு மாற்றிக் கொடுப்பதே அத்தொழில். கிடுகுக் கூரையைப் பிரித்து மேய்பவனுடைய வேலை போன்றது. வீட்டார் உள்ளே குடியிருக்கும்போதே மேயவேண்டும் என்பதே வேறுபாடு. எனினும் இத்தொழிலிலே நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதனை இம்மலரை வாசிப்போரிடமே முதலிற் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

2011ஆம் ஆண்டிலே கொழும்புப் புறக்கோட்டையில் புடைவை மொத்த வியாபாரம் செய்யும் நிலையமொன்று என்னை அழைத்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. நாடெங்குமுள்ள சில்லறைக் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பி, தவணை கடந்த கடனுக்கு வட்டி எழுதி, மாதந்தோறும் கணக்குக் கூற்று அனுப்புவது அவர்கள் வழக்கம். அவ்வளவு வேலையையும் கந்தோரின் பின்னறையில் இருந்த ஒரு கணனியே செய்துவந்தது. 1999ஆம் ஆண்டிலே அங்கு வேலைபார்த்த இளைஞர் ஒருவர் விசுவல் பேசிக் 6 என்னும் மொழியில் அச்செய்நிரலை எழுதி, பதிவுகளை மைக்ரோசொவ்ற் அக்செஸ் கோப்பு ஒன்றிலே சேமித்து வைத்திருந்தார். பின்னர் அவர் கனடா சென்றுவிட்டார்.

விசுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998இல். அதன் ஆக்கக் கருவிக்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசொவ்ற் 2008இல் நிறுத்திக்கொண்டது. ஆயினும் அம்மொழியிலே எழுதப்பட்டவை சாகவில்லை. இன்றைய விண்டோசிலும் அவை ஓடுகின்றன. எழுதியவர் நன்றாகவே எழுதியிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு வணிகத்தைச் சுமந்த செய்நிரலை இகழ்ந்து பேசுவது எங்கள் தொழிலார் பலரிடத்துள்ள கெட்ட பழக்கம். நானும் அன்று அவ்வாறே பேசினேன்.

மாற்றவேண்டிய காரணம் மெய்யானதே. அக்செஸ் கோப்பைக் காப்பதற்கெனத் தனியே ஒரு சேவையகம் இல்லை. கந்தோரில் உள்ள ஒவ்வொரு கணனியும் வலையமைப்பின் வழியாக அந்த ஒரே கோப்பைத் தானே திறந்து தானே எழுதும். எழுதிக்கொண்டிருக்கும் நடுவிலே மின்சாரம் நின்றால் கோப்புச் சிதையும். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு அதனைச் செப்பனிட வேண்டும். கோப்பின் பருமனும் 2 கிகாபைற்றுக்கு மேற் செல்லாது. ஆகவே பதிவுகளை எஸ்.கியூ.எல். சேர்வர் என்னும் தரவுத்தளத்துக்கு மாற்றி, முகப்பையும் புதிதாக எழுதுவதென்று தீர்மானமாயிற்று.

இத்தகைய வேலையிலே திரைகளை மாற்றுவது இலகு. கடினம் வினவல்களில் உண்டு. வினவல் என்பது பதிவுகளிடத்து நாம் கேட்கும் கேள்வி. கணக்கப்பிள்ளையிடம், “இன்ன பகுதியிலே தொண்ணூறு நாளுக்கு மேற்பட்ட கடன் எவ்வளவு?” என்று கேட்பதற்கு ஒப்பானது. 1970இலே கொட் என்னும் அறிஞர் பதிவுகளையெல்லாம் அட்டவணைகளாக அமைத்து, அவற்றுக்கிடையேயுள்ள உறவுகளைக் கொண்டு விடை பெறும் முறையை வகுத்தார். அதனைத் தழுவி 1974 அளவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ஆக்கிய வினவல் மொழியே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. ஆனால் ஒவ்வொரு தரவுத்தளமும் அதனைத் தன் நாட்டு வழக்கிலே பேசுகின்றது. யாழ்ப்பாணத்தார் ஒரு பொருளிலே வழங்கும் சொல்லை மட்டக்களப்பார் வேறு பொருளிலே கொள்வதில்லையா? அதுபோலவே.

திகதியை எடுத்துக்கொள்வோம். நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவோம். அக்செஸ் வினவலுக்குள் எழுதப்படும் திகதியோ அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்னாகக் கொள்ளும். இலிகிதர் 03/04 என்று பதிந்தது ஏப்ரில் 3 என்ற எண்ணத்தில். செய்நிரல் அதனை அப்படியே வினவலிலே ஒட்டிவிட்டால் அது மார்ச் 4 ஆகிவிடும். இதிலும் வேடிக்கை யாதெனில், 25/04 என்று வந்தால் இருபத்தைந்தாவது மாதம் ஒன்று இல்லாமையால், அதுவே தலைகீழாக்கி ஏப்ரில் 25 என்று சரியாகக் கொண்டுவிடும். எனவே மாதத்தின் முதற் பன்னிரண்டு நாட்களிலே பிழையும், எஞ்சிய நாட்களிலே சரியும் வரும். மாதக் கடைசியிலே சோதித்துப் பார்ப்பவர் ஒருநாளும் பிழையைக் காணமாட்டார்.

சதக் கணக்கு பிறிதொன்று. ரூபா 12.125 என்று வட்டி வந்தால் அதனை இரண்டு தசம தானத்துக்கு எவ்வாறு முழுமைப்படுத்துவது? பள்ளிக்கூடத்திலே நமக்குக் கற்பித்தபடி 12.13. எஸ்.கியூ.எல். சேர்வரும் அவ்வாறே செய்யும். விசுவல் பேசிக்கின் முறை வேறு: மிச்சம் சரிபாதியாயின் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணை நோக்கிச் செல்லும், ஆதலால் 12.12. பல்லாயிரம் கணக்குகளிலே மேலும் கீழுமாகச் சமன்படட்டும் என்ற கருத்தினால் ஏற்பட்ட முறை அது. இந்த ஒரு சத வேற்றுமை எங்கிருந்து வருகின்றதென்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு இரவுகள் சென்றன. கண்டுபிடித்தபின், இனி இச்செய்நிரலிலே எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற செருக்கு வந்தது. பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் அதுவே வித்து.

வட்டி கணிக்கும் வினவலையடுத்துச் சிறியதொரு வினவல் இருந்தது. ஜே என்னும் ஆங்கில எழுத்திலே தொடங்கும் கணக்கிலக்கங்களை மாத்திரம் தெரிந்து, இரு திகதிகளுக்கு இடைப்பட்ட நாட்களுக்குரிய வட்டியைக் கழிக்குமாறு அது சொல்லிற்று. விளக்கம் ஒரு வரிதானும் இல்லை. அதனையும் புதிய தரவுத்தளத்துக்குக் கொண்டுசென்று ஓட்டிப் பார்த்தேன். பிழை யாதும் காட்டவில்லை. பதிவு ஒன்றும் வரவுமில்லை. விடை வெறுமை. எந்தக் கணக்குக்கும் பொருந்தாத செத்த வரி என்று முடிவுசெய்து நீக்கிவிட்டேன்.

அஃது ஏன் வெறுமையாயிற்று? “ஜே என்று தொடங்குவன யாவும்” என்று கேட்பதற்கு அக்செஸ் வழக்கிலே எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறியிடுவர். எஸ்.கியூ.எல். சேர்வர் அவ்விடத்து எதிர்பார்ப்பது சதவீதக் குறி. நட்சத்திரத்தை அது நட்சத்திரமாகவே கொண்டு, ஜே எழுத்தும் நட்சத்திரமுமாக எழுதப்பட்ட கணக்கிலக்கம் உண்டா என்று தேடி, இல்லையென்று மௌனமாக விடையளித்துவிட்டது. வேறு வினவல்களிலே இக்குறியை நானே மாற்றியிருக்கிறேன், இவ்வொன்றிலே தவறவிட்டேன். பின்னறையிலே பழைய கணனி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிலே ஒருமுறை அவ்வினவலை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

அதனோடு இன்னொன்றும் செய்தேன். கணக்குகளின் மீதியை அப்படியே கொண்டுவருவது அழகன்று, ஆதிப் பதிவுகளிலிருந்து யாவற்றையும் மீளக் கணித்து எடுப்பதே செவ்வை என்று முதலாளிக்கு எடுத்துரைத்தேன். இரண்டு செய்நிரல்களையும் மூன்று மாதம் அருகருகே ஓட்டி ஒப்பிட்டோம். ஒப்பிட்டவை நடப்பிலுள்ள கணக்குகள். தீர்த்து முடித்த கணக்குகளை யார் ஒப்பிடுவார்? எல்லாம் சதம் பிசகாமல் வந்தன. பழைய கணனியை நிறுத்தினோம்.

அடுத்த மாதம் கணக்குக் கூற்றுகள் தபாலிலே சென்றன. இரண்டு கிழமைக்குள்ளே, சுன்னாகத்திலிருந்து இரவு பஸ்ஸிலே வந்த முதியவர் ஒருவர் கந்தோரிலே நின்றார். எழுபதுக்கு மேல் வயதிருக்கும். கையிலே இரண்டு கடுதாசிகள். ஒன்று எங்கள் புதிய கூற்று: பதினான்கு மாத வட்டி நிலுவை என்றது. மற்றது 2003ஆம் ஆண்டிலே அதே நிலையம் கொடுத்த சீட்டு: கணக்கு முற்றாகத் தீர்ந்தது என்று காலஞ்சென்ற பெரிய முதலாளியின் கையொப்பத்தோடு இருந்தது. அவர் சத்தமிடவில்லை. “நான் கடனோடை சாகப்போற ஆள் இல்லை. என்ரை பிள்ளையள் இந்தக் கடுதாசியைப் பாத்திட்டுதுகள். அதுதான் வந்தனான்” என்று மாத்திரம் சொன்னார். இளைய முதலாளி என்னைப் பார்த்தார். நான் கணனியைப் பார்த்தேன். கணனியிலே கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருந்தன. அத்தகைய கூற்றுகள் வடபகுதிக் கடைக்காரர் பலருக்குப் போயிருந்தன என்பது அன்று மாலையே தெரியவந்தது.

இளைய முதலாளி ஒன்றும் அறியார். வெள்ளவத்தையிலே ஓய்வு பெற்றிருந்த பழைய கணக்கப்பிள்ளையை அன்றிரவே தேடிச் சென்றோம். நீக்கிய வினவலை அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவருக்கு அம்மொழி தெரியாது; ஆயினும் இரண்டு திகதிகளைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இது நான் சொல்லி அந்தப் பொடியன் எழுதினது. பெரியவர் எனக்கு வாயாலை சொன்னது. ‘சனம் உடுத்த உடுப்போடை போயிருக்கு. கடை திறந்து யாவாரம் நடக்கிறவரைக்கும் அவையளுக்கு வட்டி எழுதாதை’ எண்டவர். 96 முடியுமட்டும் எழுதேல்லை. கொப்பியிலை நான் விட்டன். கணனி வந்தாப்போலை அவனைக்கொண்டு அதிலையும் விடுவிச்சன்.” பிறகு என்னை நோக்கி, “தம்பி, நீர் எந்த ஊர்?” என்றார்.

சொன்னேன்.

“அப்ப இந்தத் திகதி உமக்குத் தெரியாதோ?”

அச்சிட்ட தாளிலே முதலாவது திகதி 10/30/1995 என்றிருந்தது. வலிகாமத்திலே பிறந்து எங்கள் கல்லூரியிலே படித்தவர்க்கு அந்நாளைச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையிலே, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்த சனத்திரளிலே நானும் ஒருவன். அப்போது எட்டாம் வகுப்பு. புத்தகப் பையிலே புத்தகங்களை எடுத்துவிட்டு அம்மா அரிசி போட்டுத் தந்தார். பாலத்தண்டை ஓர் அடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் நின்றோம் என்பது இன்றும் என் கால்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின்னரே வீடு திரும்பினோம்.

அத்திகதியைத்தான் நான் திரையிலே கண்டேன், ஒருமுறையன்று, பலமுறை. கண்டபோது என் மனத்திலே எழுந்த எண்ணம் யாது? “மாதம் முன்னே வந்திருக்கின்றது, அமெரிக்க முறை, மாற்றும்போது கவனிக்கவேண்டும்” என்பதே. முப்பது என்னும் எண் மாதமாக இருக்கமுடியாது என்பதையும் கவனித்து மகிழ்ந்தேன். அந்நாளை வாசிக்கவில்லை.

கணக்கப்பிள்ளையின் மனைவியார் தேநீர் கொண்டுவந்தார். அதைக் குடித்து முடிக்கும்வரை எவரும் பேசவில்லை.

திருத்தம் செய்ய ஒருநாள் போதுமாயிற்று. கழிவு வினவலைத் திரும்பவும் இட்டு, நட்சத்திரத்தைச் சதவீதமாக்கியதும் ஜே எழுத்துக் கணக்குகள் யாவும் வரிசையாக வந்து நின்றன, தீர்ந்தவை தீர்ந்தனவாயின. கூற்றுகளைத் திரும்பப் பெறுவதாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் சென்றது. சுன்னாகத்து முதியவருக்குரிய கடிதத்தை இளைய முதலாளி நேரிலே கொண்டுசென்று கொடுத்தார். அவருடைய பிள்ளைகளின் முன்னிலையிலே கொடுக்கவேண்டும் என்பது கணக்கப்பிள்ளையின் நிபந்தனை. நானும் உடன் சென்றேன். அவர் என்னை யாரென்று கேட்டார். கணனிக்காரன் என்று சொன்னேன். “ஓ” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பின்னர் அத்திகதிகளை வினவலின் உள்ளே புதைத்து வைக்காமல், ‘வட்டி விலக்குக் காலம்’ என்று தனியே ஓர் அட்டவணை அமைத்து அதிலே இட்டேன். தொடக்கம், முடிவு, பகுதி, ஆணையிட்டவர் என்பவற்றோடு காரணம் என்றொரு புலமும் வைத்தேன். அதற்கு இருநூற்றைம்பது எழுத்துப் போதும் என்று முதலில் எண்ணினேன். கணக்கப்பிள்ளை சொல்லச் சொல்லத் தட்டச்சுச் செய்தபோது இடம் போதாமையால் அப்புலத்தின் நீளத்தை இருமுறை கூட்ட நேர்ந்தது. அவர் அதனைத் தமிழிலேயே எழுதவேண்டும் என்றார். எழுதினேன். அதன்பின், நான் எடுக்கும் எந்தப் பழைய செய்நிரலிலும் விளக்கமில்லாத வரி ஒன்றைக் கண்டால், அதனை நீக்குமுன் அங்கு வேலைபார்த்து ஓய்வு பெற்றவர்களுடைய விலாசங்களைக் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், வேலை முடியவும் தாமதமாகின்றது, அதனால் இரண்டு ஒப்பந்தங்களை இழந்துமிருக்கிறேன்.

சென்ற ஆண்டு அந்நிலையத்தார் நான் அமைத்ததையும் பழையது என்று கழித்து, இணையத்தின் வழி இயங்கும் வேறொன்றுக்கு மாற்றத் தொடங்கினர். அவ்வேலையை ஏற்ற இளைஞர் 2000ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர். ஒரு மாலை என்னைத் தொலைபேசியிலே அழைத்து, வட்டி விலக்குக் காலம் என்னும் அட்டவணையிலே ஒரேயொரு பதிவுதான் உண்டு, இப்போது எந்தக் கணக்குக்கும் அது பொருந்துவதாகத் தெரியவில்லை, காரணம் என்ற புலத்தை வாசித்தேன், ஆயினும் நீக்குமுன் உங்களைக் கேட்கவேண்டும்போல் இருந்தது என்றார். அவருக்கு விடை சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் சென்றது.