வாசிலின் சிமிழ்

உருவத்தாற் பெரியதே பயனாலும் பெரியது என எண்ணுவது மனித இயல்பு. எமக்கும் அவ்வெண்ணம் இருந்தது. இரத்தினபுரியில் ஒரு மோட்டார் கராஜினுள் மழைக்காக ஒதுங்கி நின்ற மூன்று மணி நேரம் அதனை மாற்றிவிட்டது.

கராஜின் உரிமையாளர் எம் பழைய மாணவர். தோட்டத்து லயத்திற் பிறந்தவர். தாயார் கொழுந்து பறித்துக் குடும்பத்தைக் காத்தவர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அவருடைய கணக்குக் கொப்பியில் எண்ணெய்க் கறையைக் கண்டு, "உனக்குப் படிப்பு எதற்கு? கராஜே போதும்" என்று வகுப்பில் நாம் சொன்னோம். பிள்ளைகள் சிரித்தனர். அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. வறுமையே காரணம் என்றனர் பலர். எம் நெஞ்சு அதனை முழுதும் ஒப்பவில்லை.

எமது காரின் பிரேக்கைக் காட்டச் சென்ற அன்று, அவர் மேசைமேல் ஒரு விந்தையான எஞ்சின் பிரிந்து கிடந்தது. மாணிக்க வியாபாரி ஒருவரின் மஸ்டா ஆர்எக்ஸ்-8 காருடையது. வழக்கமான எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும். இதிலோ பிஸ்டனே இல்லை. இடை சிறுத்த அறையொன்றினுள், பக்கம் புடைத்த முக்கோணச் சுழலி சுற்றி வருகிறது. அதன் மூன்று முனைகளும் சுவரை விட்டு அகலாது செல்ல வேண்டும். அகன்றால் அமுக்கம் கசிந்து, எஞ்சின் வலுவிழக்கும்.

ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கெல் கண்ட இவ்வகை எஞ்சின் 1957 இல் முதன்முதல் ஓடியது. முனைகளைக் காப்பதே பெரும்பாடாயிற்று. முனைத் தகடுகள் அதிர்ந்து சுவரிற் பதித்த கீறல்களை ஜப்பானிய மஸ்டாப் பொறியியலாளர் 'பேயின் நகக்குறி' என்றே அழைத்தனர். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் அதனை வென்று, 1967 இல் கொஸ்மோ காரை வெளியிட்டனர். 1991 இல் பிரான்சின் லெ மான் இருபத்து நான்கு மணி நேர ஓட்டத்தில் அவர்களது நான்கு சுழலிக் கார் முதலிடம் பெற்றது.

அத்துணைப் பெருமையும் சிறு தகடுகளில் தங்கியிருக்கிறது. சுழலி ஒன்றுக்கு முனைச் சீல் மூன்று, மூலைச் சீல் ஆறு, பக்கச் சீல் ஆறு. ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய ஸ்பிரிங். அவற்றைப் பள்ளங்களில் அமைத்தல் எளிது. சுழலியைக் கவிழ்த்து அறையினுள் இறக்கும்போது, கீழ்ப்புறத்தவை விழாமற் காத்தலே அரிது. ஒன்று நழுவி இடையிற் சிக்கினால் அது நசுங்கும். சில்லு உடைந்தால் சுவரையே உழுதுவிடும்.

அவர் ஒரு சிறு வாசிலின் சிமிழை எடுத்தார். பள்ளந்தோறும் விரலாற் பூசிச் சீல்களைப் பதித்தார்.

"கிறீஸ் ஆகாதா, தம்பி?"

"கிறீஸ் லேசில போகாது, சேர். சீல் ஒட்டிக்கிட்டு எழும்பாது. இது சூட்டுல உருகி எரிஞ்சிரும். கொஞ்சம் டோர்ச்சப் பிடிங்க. இந்தச் சுவர் கெட்டா கராஜ வித்துத்தான் வேற வாங்கணும்."

தகரக் கூரையில் மழை அறைந்தது. சுழலி மெல்ல இறங்கியது. பாதி வழியில் அவர் கை நின்றது. பக்கச் சீல் ஒன்றின் நுனி மயிரளவு வெளியே தெரிந்தது. எமக்கு உள்ளங்கை வியர்த்தது. அவரோ சினமின்றிச் சுழலியை வெளியே எடுத்தார். அனைத்தையும் கழற்றிக் கழுவித் துடைத்தார். முதற் சீலிலிருந்து மீண்டும் தொடங்கினார். ஒரு பிள்ளையின் கொப்பியை அவ்வாறு இரண்டாம் முறை நாம் பார்த்ததுண்டா என்று எண்ணினோம்.

வாசிலினின் வரலாறும் எளியதே. அமெரிக்க எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர், துளைக்கும் கருவிகளிற் படிந்த மெழுகைக் காயங்களுக்குப் பூசுவதை ரொபர்ட் செஸ்புரோ என்பார் கண்டார். அதனைத் தூய்மையாக்கி 1872 இல் காப்புரிமை பெற்றார்.

"இத யார் சொல்லித் தந்தது?" என வினவினோம்.

"வேலை பழகின பாஸ்தான், சேர். ஆனா சாமான் எனக்குப் புதுசில்ல. கொழுந்து எடுத்து அம்மாவுக்கு விரலெல்லாம் வெடிக்கும். லயத்துல எப்பவும் ஒரு சிமிழ் இருக்கும்."

அடுத்த ஞாயிறும் சென்றோம். எஞ்சின் காரிற் பூட்டப்பட்டிருந்தது. சாவி திரும்பியதும் இருமிற்று; பின் வெண்புகை கக்கிற்று. "வாசிலின் எரியுது, சேர்" என்றார் அவர். சிறிது நேரத்திற் புகை தெளிந்தது. ஒரே சீரான ஒலி எழுந்தது. அவர் கண்ணை மூடி அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அன்று வகுப்பில் நாம் சொன்னது தவறு" என்றோம்.

"எது, சேர்?" என்றார். மறந்தாரோ மறைத்தாரோ, அறியோம். உள்ளே சென்று எமக்குத் தேநீர் கொண்டுவந்தார்.

மூடி பூட்டும் வரை தாங்கி நின்று, இயங்கத் தொடங்கியதும் உருகி மறைவது வாசிலினின் தொழில். பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய தொழிலும் அதுவே. ஒரு பிள்ளையை இடையில் நழுவவிட்டோம் நாம். தம்மைத் தாமே மீண்டும் எடுத்துப் பூட்டிக்கொண்டார் அவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கைகூடுவதில்லை.