அந்த எட்டுப் பேர்

“மாமா, எம்.பி.ஏ. போடட்டுமா, டேட்டா சயின்ஸ் எடுக்கட்டுமா?” என்று கேட்டாள் என் அக்கா மகள். ஓமலூர்ப் பக்கத்துப் பெண். விமானப் படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள். குறுகிய காலப் பணியில் சேர்ந்த விமானிக்கு 14 ஆண்டுகள்தான். 20 ஆண்டு முடிக்காத அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடையாது. நாற்பது வயதுக்கு முன்பே சீருடையைக் கழற்ற வேண்டும். அதற்குள் ஆன்லைனில் ஒரு முதுகலை முடித்துவிட நினைக்கிறாள்.

எனக்கு உடனே அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ ஞாபகம் வந்தது. டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்கு வந்தவர்கள் 25 பேர், இடம் எட்டு. கலாம் ஒன்பதாவதாக வந்தார். மனம் நொந்து ரிஷிகேசம் போய்ச் சிவானந்தரைப் பார்த்தார். பள்ளி விழாக்களில் இந்தக் கதையைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஆனால் அவர்கள் விட்டுவிடும் ஒரு செய்தியும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. டேராடூனுக்குப் போகும் வழியில் டெல்லியில் இறங்கி, விமானத் தொழில்நுட்ப மேம்பாட்டு, உற்பத்தி இயக்ககத்தின் நேர்காணலை அவர் முடித்திருந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலும் படித்திருந்தார். பறக்கும் கனவு கலைந்தபோது அந்த வேலைதான் கைகொடுத்தது. 1958இல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தார்.

அவளிடம் பேசியதிலிருந்து, தேர்வான அந்த எட்டுப் பேரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் யார், எத்தனை காலம் பறந்தார்கள், தரையில் நின்ற பிறகு என்ன செய்தார்கள்? நாம் ஒன்பதாமவரைக் கொண்டாடினோம், அது நியாயமே. ஆனால் அக்கா மகளுக்கு இப்போது தேவைப்படுவது அந்த எட்டுப் பேரின் கதை.

அந்தப் பதினான்கு ஆண்டும் பறக்க முடியும் என்பதற்கும் உறுதியில்லை. மற்றவர்களுக்கு ரத்த அழுத்தம் வந்தால் மாத்திரையோடு போகும். விமானிக்கு, பறக்கத் தகுதியா என்று தீர்மானிக்கும் மெடிக்கல் கேட்டகிரியே இறங்கிவிடலாம். போர் விமானத்தில் உயிரைக் காக்கும் எஜெக்‌ஷன் இருக்கை, வெளியே வீசும் வேகத்தில் முதுகெலும்பை முறிப்பதும் உண்டு. “பிளேன் ஓட்டறவளுக்கு ஏர்லைன்ஸ் இருக்குதல்ல கண்ணு” என்று ஊரில் சமாதானம் சொல்கிறார்கள். ஹெலிகாப்டர் உரிமம் வேறு, பயணிகள் விமான உரிமம் வேறு. அது கிடைத்தாலும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் கிளாஸ் 1 மருத்துவச் சான்று வேண்டும். அங்கே சோதிப்பதும் அதே கண்ணை, அதே காதை, அதே இதயத்தைத்தான். உடம்பு ஒத்துழைக்காத நாளில் இரண்டு வேலையும் சேர்ந்தே போகும். ஆகவே அவளுக்கு மாற்று என்பது மருத்துவரின் கையெழுத்து தேவைப்படாத ஒன்றாக இருக்க வேண்டும்.

வேலையில் இருந்துகொண்டே அப்படி ஒன்றைப் படிப்பது புதிதல்ல. எங்கள் காலத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துப் பாடங்கள் தபாலில் வரும். வாத்தியார்கள் பலர் அப்படித்தான் எம்.ஏ. ஆனார்கள். “கரஸ்ல படிச்சதா?” என்று மாற்றுக் குறைவாகக் கேட்டவர்களும் உண்டு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022இல் தெளிவாகவே அறிவித்தது. ஆனால் பொறியியல், சட்டம், வேளாண்மை, விமானப் பராமரிப்பு போன்றவற்றை இணையவழியில் நடத்த 2020ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை. விமானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படிப்புகளே அவளுக்குத் தூரமாகிவிட்டன.

அப்படியானால் எதைப் படிப்பது? ஒருமுறை விடுப்பில் வந்தபோது சொன்னாள்: “மேல இருந்து பார்த்தா நம்ம வெள்ளைக்கல் சுரங்கம் எல்லாம் குழி குழியாத் தெரியும் மாமா. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக் கூரை கோடு போட்ட மாதிரி இருக்கும். ஏரிங்கதான் பாதி காணோம்.” மேட்டூர் நீர்ப்பரப்பு எங்கே ஒடுங்குகிறது, சங்ககிரி மலைக்கு அப்பால் நிலம் எப்படிச் சரிகிறது என்றெல்லாம் விரலால் மேசையில் வரைந்து காட்டினாள். எம்.பி.ஏ. பற்றிக் கேட்டபோது அந்த உற்சாகம் குரலில் இல்லை. நிலத்தை மேலிருந்து வாசிக்கத் தெரிந்தவளுக்குப் புவியியலோ, செயற்கைக்கோள் படங்களை ஆராயும் புவித்தகவலியலோ பொருந்தும். 2020இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமத்து வீட்டு மனைகளையே ட்ரோன் வைத்து அளக்கிறார்கள். ஏரி, சுரங்கம், சாலை என்று நம் சமவெளியில் அளக்க வேண்டியவை ஏராளம்.

எம்.பி.ஏ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாமக்கல்லில் லாரித் தொழிலிலோ முட்டை ஏற்றுமதியிலோ இறங்க எண்ணமிருந்தால் சரக்குப் போக்குவரத்து மேலாண்மை உதவும். ஆனால் இரவுப் பறப்பு முடிந்து வந்த களைப்பிலும் எந்தப் பாடத்தைத் திறக்க மனம் வருமோ, அதை எடுக்கச் சொன்னேன். பிடிக்காத பாடத்தைப் பணி முகாமில் தனியாக உட்கார்ந்து இரண்டு வருடம் படிக்க முடியாது.

படையில் பறக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி வருடத்துக்குத் தள்ளாதீர்கள், சர்வீஸின் நடுவிலேயே சேரச் சொல்லுங்கள். பணம் கட்டுமுன், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பாடத்துக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.