தாத்தாவுக்கு ஒரு பைனாகுலர்

மார்கழிப் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் தாத்தாவும் பேத்தியும் ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துக்கொள்கிறார்கள்.

"கரண்டிவாயன் தெரியுதா தாத்தா?"

"வெள்ளையா என்னமோ ஆடுதும்மா. பறவையா, வேட்டி காயுதான்னு தெரியல."

தாத்தா இந்தப் பக்கத்து ஆள்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், யாரையும் சுடவிடாமல் பறவைகளைக் காத்த ஊர் இது. 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்திலேயே கொடுத்தார். சின்ன வயதில் பறக்கிற தினுசை வைத்தே பெயர் சொன்னவருக்கு, புரை ஆபரேஷனுக்குப் பிறகும் தூரப்பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது. அதனால்தான் பேத்தி முதல் சம்பளத்தில், பொருட்காட்சியில் ஒரு பைனாகுலர் வாங்கினாள். முப்பது மடங்கு ஜூம், பளபளக்கும் சிவப்புக் கண்ணாடி, விலை 1,500 ரூபாய்.

கோளாறே அந்த முப்பதில்தான். எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிகிறதோ, கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். அந்தச் சிவப்புப் பூச்சு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, நிறத்தையும் கெடுக்கும். அழகுக்கு மட்டும்தான் அது.

பக்கத்தில் நின்ற பேங்க் ஊழியர், சீசனில் அடிக்கடி வருகிறவர், தன் பைனாகுலரைக் கழற்றி நீட்டினார். 8×42. எட்டு மடங்கு, முன்கண்ணாடியின் அகலம் 42 மி.மீ. நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மி.மீ. விடிகாலை மங்கலுக்கு அது தாராளம். 10×42 என்றால் 4.2-தான், ஆட்டமும் கூடும். 10×50 நல்ல வெளிச்சம் தரும், ஆனால் ஒரு மணி நேரத்தில் கழுத்து கேள்வி கேட்கும்.

கண்ணாடி போட்டவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். லென்ஸிலிருந்து கண் எத்தனை தூரம் தள்ளியிருந்தாலும் முழுக்காட்சி தெரியும் என்ற அளவு, 16 மி.மீ.யாவது இருப்பது நல்லது. பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குள் இதெல்லாம் கிடைக்கும். மழைத் தண்ணீர் புகாத உடம்பும் சேர்த்து. அதற்கு மேலே போனால் பணம் ஏறுகிற வேகத்துக்குக் காட்சி ஏறாது. எதுவானாலும் கடை வாசலுக்கு வந்து, எதிர்வீட்டு மாடியைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். படத்தைப் பார்த்து ஆர்டர் போடுகிற சாமான் இல்லை இது.

பேங்க்காரர் கண்பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட்டார். "ஐயா, கண்ணாடியைக் கழட்டாதீங்க. முதல்ல வலது கண்ணை மூடிட்டு நடுச்சக்கரத்தைத் திருப்புங்க. தெளிவாயிடுச்சா? இப்போ இடது கண்ணை மூடிட்டு, வலதுபக்க வளையத்தை மட்டும் திருப்புங்க."

தாத்தா திருப்பினார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"மூக்கு கறுப்பு... நுனியில மஞ்சள். கரண்டிவாயனேதான்!" நீர்க்கடம்பு மரங்கள் மேல் பைனாகுலர் மெல்ல நகர்ந்தது. "அதோ பாம்புத்தாரா. இறக்கையை விரிச்சுக் காயப்போட்டிருக்கு."

"எனக்குக் கொஞ்சம் குடுங்க தாத்தா."

"இரும்மா."

பேங்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கரைமேல் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.