வரப்புக்கு மேலே

மாட்டு வண்டிக்குத் தடம் வேண்டும். மோட்டாருக்கு ரோடு வேண்டும். ஆகாய விமானத்துக்குக்கூட நீண்ட ஓடுபாதை வேண்டும். ஹெலிகாப்டருக்கு ஒரு திடல் போதும். அதில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ‘எச்’ என்று இங்கிலீஷ் எழுத்தை எழுதிவிட்டால் இறங்குதளம் தயார்.

திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சென்ற தை மாதம் ஒரு தனவந்தர் தம் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஆகாய மார்க்கமாக வரவழைக்க உத்தேசித்தார். திடல் அவருடையது. ஆகவே நிலச் சொந்தக்காரர் சம்மதத்தை அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்டார். ஜில்லா அதிகாரிகளுக்கும் விண்ணப்பம் போயிற்று. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திடலை ஒட்டி ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிற பெரியவர் என்னைத் தேடி வந்தார்.

“தம்பி, அது எறங்கறப்போ காத்து எப்படி அடிக்கும்?”

“புயல் மாதிரிதான், மாமா.”

“சம்பா அறுக்கப் பத்து நாள் இருக்கு. கதிர் சாஞ்சுதுன்னா யாரைப் போய்க் கேக்கறது?”

நியாயமான கேள்வி. டெல்டாவைக் காக்க 2020-இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிதாக உருக்காலை, தோல் பதனிடும் சாலை, எண்ணெய்க் கிணறு கூடாது என்கிற அதன் ஜாபிதாவில் ஹெலிகாப்டர் இல்லை. 2000-ஆம் வருஷத்து ஒலி விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு கட்டுகின்றன. சாய்ந்த கதிருக்கு அங்கே இடமில்லை.

மும்பையில் 2010-இல் எழுந்த ‘அண்டிலியா’ மாளிகையின் உச்சியில் மூன்று இறங்குதளங்கள். சத்தம் என்று ஆட்சேபணை கிளம்பிற்று. இங்கிலாந்தில் சொந்த வயலில் வருஷத்துக்கு 28 நாள் வரை இறங்கலாம்; அதற்கு மேல் உள்ளூர் சபையின் அனுமதி வேண்டும். அப்போது அண்டை வீட்டுக்காரரும் தம் கட்சியைச் சொல்லலாம். நியூயார்க்கில் 1977 மே மாதம், பான்ஆம் கட்டட மாடியில் நின்ற ஹெலிகாப்டர் சக்கரக்கால் முறிந்து சாய்ந்ததில் ஐந்து பேர் மாண்டார்கள். அதில் ஒருத்தி கீழே தெருவில் போய்க்கொண்டிருந்தவள். மாடிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊரில் நெல் தூற்றுகிறவன் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பான். பதர் பறந்து அடுத்த வீட்டுச் சோற்றில் விழக்கூடாது. இதற்கு எந்த ஸர்க்காரும் உத்தரவு போடவில்லை. களம் என்னுடையதாக இருக்கலாம். காற்று என்னுடையதல்ல என்கிற சாதாரண ஞானம்தான்.

மாப்பிள்ளை கடைசியில் காரில் வந்து சேர்ந்தார். அன்று விடியற்காலை முதல் பனிமூட்டம், ஹெலிகாப்டர் கிளம்பவில்லை. கிராமத்தில் சிலருக்கு ஏமாற்றம். பெரியவர் கல்யாணச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டார்.

ஆனால் எல்லா முகூர்த்தத்துக்கும் பனி வந்து காப்பாற்றுமா? அந்த விண்ணப்பத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் என்ன? ‘பக்கத்து வயலில் என்ன பயிர், எப்போது அறுவடை?’ அதற்குக் கீழே, பட்டாதாரர் எங்கே இருந்தாலும் சரி, பயிர் செய்கிறவர் கையெழுத்துப் போடட்டும்.