சங்கத்துக்குக் கட்டும் சந்தா

தாதிய உத்தியோகத்தராக நியமனம் கிடைத்து வன்னியிலுள்ள ஓர் ஆதார வைத்தியசாலையில் கடமையேற்ற முதற் கிழமையே இரண்டு சங்கங்களின் படிவங்கள் என் கைக்கு வந்துவிட்டன. சேரும்போது 500 ரூபா, பிறகு மாதாமாதம் சம்பளத்தில் 150 ரூபா கழிப்பார்களாம். நான் படிவங்களை வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன்.

150 ரூபாவும் ஒரு காசா என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் அம்மாவும், 2009 இல் ஒரு காலை இழந்த தம்பியும் என் சம்பளத்தை நம்பியே இருக்கிறார்கள். இடர் கடன், வங்கிக் கடன், ஓய்வூதியக் கழிவு எல்லாம் போகக் கைக்கு வருவது கொஞ்சம். வருடத்துக்கு 1,800 ரூபா என்றால், செயற்கைக் காலைத் திருத்தத் தம்பி யாழ்ப்பாணம் போய்வரும் செலவை அதிலே பார்க்கலாம்.

தாதியர் சபையில் பதிவது வேறு விடயம். அது 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டப்படி நடப்பது. அந்தப் பதிவு கட்டாயம். சம்பளம், இடமாற்றம், மேலதிக நேரக் கொடுப்பனவு பற்றிப் பேசுவது தொழிற்சங்கம். கருத்தரங்கு, பயிற்சி, தொழில் தரம் என்று இயங்கும் தொழில்சார் சங்கம் இன்னொன்று. எங்கள் விடுதியில் ஒரு தங்கச்சி மூன்றையும் ஒன்றென நினைத்து, சந்தா கட்டாவிட்டால் பதிவு போய்விடும் என்ற பயத்திலேயே கட்டிக்கொண்டிருந்தா.

சம்பளம் கூடினால் சேர்ந்தவருக்கும் சேராதவருக்கும் ஒன்றாகத்தானே கூடும், பிறகு ஏன் சேர வேண்டும் என்பது என் கணக்கு. அத்தோடு வேலைநிறுத்தமும் எனக்குப் பிடிக்கவில்லை. வைத்தியர்களுக்குக் கூட்டிய 35,000 ரூபா கொடுப்பனவைத் தங்களுக்கும் கேட்டு 2024 பெப்ரவரி 1 ஆம் திகதி சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. விடிய பஸ் ஏறி கிளினிக்குக்கு வந்த வயோதிப அம்மாமார் திரும்பிப் போனதைக் கண்டேன். கேட்டது நியாயம்தான். ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் எண்ணத்தை மாற்றியது இடமாற்றம். வருடாந்தப் பட்டியலில் என் பெயர் தூர மாவட்டம் ஒன்றுக்கு விழுந்தது. தம்பியை அம்மாவால் தனியே தூக்கிப் பறிக்க ஏலாது. மேன்முறையீட்டைச் சிங்களத்தில் எழுதித் தந்தது சங்கக் கிளைச் செயலாளரான அக்காதான், நான் அங்கத்தவர் இல்லை என்று தெரிந்தும். ஆனால் இடமாற்றச் சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதி தன் அங்கத்தவருக்காகப் பேசுவார். என் கடிதம் மட்டும் தனியே போய்க் கிடந்தது. ஒரு வருடம் பிற்போட்டார்கள். அடுத்த வருடமும் இதே பிரச்சினை வரும்.

சேரமுன் அக்காவிடம் கணக்குப் புத்தகத்தைக் கேட்டேன். அதைப் பார்க்க அங்கத்தவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. அங்கத்தவராகாத எனக்கே அவ காட்டினா. சுற்றறிக்கைகள் ஏன் தமிழில் வருவதில்லை என்றும் கேட்டேன். அதற்கு அவவிடம் பதில் இல்லை. "உள்ளே வந்து கேளும் பிள்ளை" என்றா. படிவத்தோடு அதையும் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தேன்.

தொழில்சார் சங்கத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன். கொழும்பில் நடக்கும் கருத்தரங்குக்கு லீவு, பஸ் காசு, தங்குமிடம் என்று சந்தாவைவிடப் பல மடங்கு போகும். தம்பி ஒரு தொழில் தொடங்கினால் பார்க்கலாம்.

இந்த மாதச் சம்பளச் சிட்டையில் முதல் 150 ரூபா கழிந்திருக்கிறது. தமிழ்ச் சுற்றறிக்கை இன்னும் வரவில்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் திரும்பவும் கேட்பேன்.