கார்டைக் கெடுத்தது தம்பி இல்லை

2014-இல் கோவில்பட்டியில் நான் படம் எடுத்த ஒரு கல்யாணத்தில், முகூர்த்தப் படங்கள் அந்த வீட்டாருக்குக் கிடைக்காமலே போயின. என்னிடம் வேலை பார்த்த தம்பிதான் கேமராவின் மெமரி கார்டைக் கெடுத்துவிட்டான் என்று அவர்களிடம் சொன்னேன். அது பொய். கெடுத்தது நான். எப்படிக் கெடுத்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவன்மேல் விழுந்த பழி முழுதாக இறங்கும். அதனால் இதில் தொழில் விவரம் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

அப்போது கேமராவும் லென்சுகளுமாக ஒரு லட்சத்துக்கு மேல் கடன் வாங்கிப் போட்டிருந்தேன். ஒவ்வொரு லென்சையும் பலரிடம் விசாரித்து, மதுரைக்குப் போய்க் கையில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கார்டு ரீடர் வாங்கியது அப்படி இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவற்றில் எது விலை குறைவோ அதை எடுத்துக்கொண்டு வந்தேன். கம்பெனிப் பெயர் இல்லாத ரீடர். எஸ்டி, மைக்ரோ எஸ்டி, காம்பாக்ட் ஃபிளாஷ் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. எனக்கு அதுவே பெரிய சௌகரியமாகப் பட்டது. நான் எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்த ஒரு துளை வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குள் போயாக வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

எஸ்டி கார்டின் முதுகில் ஒன்பது உலோகப் பட்டைகள் இருக்கும். ரீடருக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் அவற்றை அழுத்திப் பிடித்தால்தான் கார்டு பேசும். மட்டமான ரீடரில் செருகிச் செருகி அந்தத் தகடுகள் தளர்ந்துவிடும். என்னுடையது தளர்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. கார்டை லேசாக இடதுபக்கம் சாய்த்து விரலால் பிடித்துக்கொண்டால்தான் படிக்கும். நடுவில் விட்டுப்போனால் கழற்றித் திரும்பச் செருகுவேன். அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளாமல், அதோடு வேலை செய்யப் பழகிக்கொண்டேன். “வேற ஒண்ணு வாங்கிருவோம்ணே” என்று தம்பி பலமுறை சொன்னான். அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்பேன்.

அது யுஎஸ்பி 2.0 ரீடர். கணக்குப்படி நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 30 மெகாபைட் வந்தாலே அதிகம். நிரம்பிய 32 ஜிபி கார்டைக் காலிசெய்ய 18 நிமிடமாவது ஆகும். யுஎஸ்பி 3.0 ரீடர்கள் அப்போதே கடைக்கு வந்துவிட்டன. என் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் அதற்கான நீல நிறத் துளை சும்மா கிடந்தது. என் கார்டு கொடுக்கக்கூடிய வேகத்துக்கு அந்த ரீடரில் ஏழெட்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அந்தப் பத்து நிமிட வித்தியாசம்தான் அன்று என்னை அவசரப்படுத்தியது.

அதிகாலை முகூர்த்தம், அன்று சாயங்காலமே ரிசப்ஷன். காலைப் படங்கள் முழுதும் ஒரே கார்டில். ரிசப்ஷன் மேடைக்குப் பக்கத்தில் டிவியில் காலைப் படங்களை ஓட்டவேண்டும் என்று பெண்ணின் அப்பா கேட்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நானும் தம்பியும் ஸ்டூடியோவுக்கு வந்தோம். காப்பி செய்துவிட்டுப் பிறகு கார்டைக் காலிசெய்வது இரட்டை வேலை என்று கட் செய்து பேஸ்ட் செய்தேன். கட் செய்யும்போது ஒவ்வொரு படமும் கம்ப்யூட்டருக்கு வந்ததும் கார்டிலிருந்து அழிகிறது. காப்பி என்றால் கார்டைப் படிப்பதோடு சரி. கட் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கார்டில் எழுதவும் வேண்டும். தளர்ந்துபோன ரீடரில் செய்யவே கூடாத காரியம்.

பாதியில் தொடர்பு விட்டது. திரையில் எர்ரர் வந்தது. அதை மூடிவிட்டுக் கார்டைத் திரும்பச் செருகினேன். ஃபார்மேட் செய்தால்தான் இதைப் பயன்படுத்த முடியும், செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. கம்ப்யூட்டர் ஃபோல்டரைத் திறந்தேன், படங்கள் தெரிந்தன. “அண்ணே, எல்லாம் வந்துருச்சான்னு கடைசி நம்பரப் பாத்துருவோம்” என்றான் தம்பி. “வந்துருச்சுடா” என்றேன். எல்லாம் வந்திருக்காது என்ற சந்தேகம் எனக்கு அந்த நேரத்திலேயே இருந்தது. பார்த்தால் உறுதியாகிவிடும், உறுதியானால் ரிசப்ஷனுக்குக் கார்டு இருக்காது. பார்க்காமலே ஃபார்மேட் கொடுத்தேன்.

அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கஷ்டமாக இருக்கிறது. விண்டோஸ் வழக்கமாகச் செய்வது குயிக் ஃபார்மேட். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்த அட்டவணையை மட்டும் அது துடைக்கும். மொய் நோட்டைத் தொலைத்தாலும் பெட்டியிலிருக்கும் பணம் எங்கும் போவதில்லை அல்லவா, அதுபோலப் படங்கள் கார்டில் அப்படியே கிடக்கும், அந்த இடத்தில் வேறொன்றை எழுதாதவரை. அன்று சாயங்காலம் அதே கார்டைக் கேமராவில் போட்டு ரிசப்ஷன் முழுவதையும் எடுத்தேன். புதிய படங்கள் கார்டின் தொடக்கத்திலிருந்து வரிசையாக உட்கார்ந்தன. தொடக்கத்தில் இருந்தவை ஏற்கெனவே கம்ப்யூட்டருக்கு வந்துவிட்ட அலங்காரப் படங்கள். அவை போனதில் நஷ்டமில்லை. அதைத் தாண்டி எழுதப்பட்ட இடத்தில்தான் முகூர்த்தம் இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தொழிலில் மூத்த ஒருவருக்குப் போன் செய்தேன். “அதுக்கப்புறம் அந்தக் கார்டுல எதாவது எடுத்தியா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைச் சொன்னார். அது அட்டவணையைத் தேடாது. கார்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து, ஒரு ஜேபெக் படம் தொடங்கும் அடையாளம் தெரிகிற இடமெல்லாம் எடுத்துத் தரும். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். மேடையில் பரிசு கொடுக்க வரிசையில் நின்றவர்கள் வந்தார்கள். பந்தி வந்தது. பெண்ணின் அப்பா தாரைவார்த்துக் கொடுத்தது வரவில்லை, தாலி கட்டியது வரவில்லை.

வீடியோ எடுத்தவரிடம் அந்தக் காட்சிகள் இருந்தன. அதிலிருந்து படம் பிரித்து ஆல்பத்தில் வைத்துப் பார்த்தேன். வீடியோவின் அகலம் 1920 புள்ளி. ஆல்பத்தில் ஒரு விரிப்பு 36 அங்குலம். அங்குலத்துக்கு 53 புள்ளி வருகிறது. நல்ல பிரிண்டுக்கு 200-க்கு மேல் வேண்டும். முகங்கள் கலங்கிப்போயின. கடைசியில் அஞ்சலட்டை அளவில்தான் வைக்க முடிந்தது.

அதைப் பார்த்து, “என்னப்பா இது?” என்று பெண்ணின் அப்பா கேட்டார். தம்பி என் பக்கத்தில் நின்றான். “பையன்ட்ட கார்டைக் குடுத்தேன் அண்ணாச்சி, சரியாப் போடாமக் கெடுத்துட்டான்” என்றேன். முன்கூட்டி யோசித்து வைத்த பொய் இல்லை. ஆனால் சொல்லும்போது வாய் தடுமாறவும் இல்லை. தம்பி ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டம்மா அவனைத் திட்டித் தீர்த்தார். பேசிய பணத்தில் பாதியை நான் விட்டுக்கொடுத்தேன். பையன் செய்த தப்புக்கு முதலாளி பணம் விடுகிறாரே என்று என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமே அவன் வேலையை விட்டான். கல்யாண வேலைக்கு அவனைக் கூப்பிடலாமா என்று வேறு ஸ்டூடியோக்காரர் ஒருவர் விசாரித்தபோது, நான் உண்மையைச் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். இந்த மொத்த விஷயத்தில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான்.

எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னத் தள்ளுபொத்தான் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டுச் செருகினால் பெரும்பாலான ரீடர்கள் கார்டில் எதையும் எழுதவிடாது. கட் செய்தாலும் அழியாது, ஃபார்மேட்டும் நடக்காது. இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். இப்போது அதைத் தள்ளாமல் எந்தக் கார்டையும் ரீடரில் போடுவதில்லை. எஸ்டிக்கு மட்டுமான, கார்டு ஆடாமல் உட்காரும் யுஎஸ்பி 3.0 ரீடர் வைத்திருக்கிறேன். அதைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் செருகாமல் பின்பக்கம் போர்டில் இருக்கும் துளையில்தான் செருகுகிறேன். காப்பி மட்டும்தான், அதுவும் இரண்டு ஹார்டு டிஸ்கில். கடைசிப் படத்தின் நம்பரைச் சரிபார்த்த பிறகு கேமராவில் வைத்து ஃபார்மேட் செய்கிறேன். நம்பரைச் சரிபார்க்க அன்று சொன்னவன் அவன்.

அவன் இப்போது வேறு ஊரில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறான். போன மாதம் தேடிப்போய், நான் செய்ததையும் சொன்னதையும் அவன் முன்னால் சொன்னேன். “எனக்குத்தான் தெரியுமேண்ணே. அவங்ககிட்டச் சொன்னீங்களா?” என்றான். சொல்லவில்லை என்றேன். அதற்குமேல் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை; டீ வரவழைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். பெண்ணின் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்கவில்லை. அதனால் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது. உள்ளேயிருந்த எல்லோருக்கும் கேட்டது. அந்த வீட்டம்மா வெளியே வந்து, “அந்தப் புள்ளைய நான் என்னென்ன சொன்னேன்” என்றார். என்மேல் கோபப்பட்டார், நியாயமான கோபம். பெரியவர் அவனுடைய போன் நம்பரைக் கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.